எந்த ராஜேந்திரன், எந்தக் குந்தவை?

இந்த மாதக் கடிதங்களைப் பிரித்துப் பார்த்தால், ஊர்தான் வேறு வேறு, கேள்வி ஒன்றுதான். கல்வெட்டில் ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரில் அதே குடும்பத்தில் மூன்று பேர், நான்கு பேர் இருக்கிறார்கள். இவர் அவர்களில் யார்? சரி, இந்த இதழை முழுக்க அதற்கே விட்டுவிடலாம். கோயில் நில வரி பற்றிக் கேட்டிருந்தவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் கருவறையின் தெற்குப் பக்க அடிச்சுவரில் 'ஸ்வஸ்திஸ்ரீ கோப்பரகேசரி பன்மர்க்கு யாண்டு 12-ஆவது' என்று தொடங்கும் கல்வெட்டு இருக்கிறது. வாசலில் விழாக் குழு வைத்த பலகையில் 'மாமன்னன் ராஜேந்திர சோழன் கட்டிய கோயில்' என்று எழுதியிருக்கிறார்கள். ராஜேந்திரனுக்குப் பரகேசரி என்ற பட்டம் உண்டுதானே அம்மா?
*— மன்னார்குடி வாசகர்*

உண்டு. ஆனால் அந்தப் பட்டம் அவருக்கு மட்டும் உரியது இல்லை, அங்கேதான் பலகை எழுதியவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள்.

சோழர்கள் பட்டம் ஏறும்போது ராஜகேசரி, பரகேசரி என்ற இரண்டையும் மாற்றி மாற்றிச் சூட்டிக்கொண்டார்கள். ஒருவர் ராஜகேசரி என்றால் அடுத்து அரியணை ஏறுபவர் பரகேசரி. அவர் மகனாக இருந்தாலும் சரி, தம்பியாக இருந்தாலும் சரி, சித்தப்பாவாக இருந்தாலும் சரி. விஜயாலயன் பரகேசரி, அவர் மகன் முதலாம் ஆதித்தன் ராஜகேசரி, அவர் மகன் முதலாம் பராந்தகன் பரகேசரி என்று அப்படியே போகும். அந்தக் காலக் கல்வெட்டு பல இடங்களில் அரசரின் சொந்தப் பெயரைச் சொல்லவே சொல்லாது. பட்டத்தையும் ஆட்சியாண்டையும் மட்டும் போட்டுவிட்டு நேரே நெய் விளக்குக்கு ஆடு கொடுத்த கணக்குக்குப் போய்விடும்.

உங்கள் கல்லில் உள்ள பரகேசரிக்கு யார் யார் போட்டி? விஜயாலயன், முதலாம் பராந்தகன், அரிஞ்சயன், ஆதித்த கரிகாலன், உத்தம சோழன், அப்புறம் முதலாம் ராஜேந்திரன். இனி ஒவ்வொருவராகக் கழித்துப் பார்க்கலாம்.

ராஜேந்திரன் தன் பன்னிரண்டாம் ஆட்சியாண்டில் இப்படி மூன்று சொல்லில் அடங்கியிருக்க மாட்டார். அதற்குள் அவருடைய கல்வெட்டுகளில் 'திருமன்னி வளர' என்று ஒரு நீண்ட மெய்க்கீர்த்தி, அதாவது அரசரின் புகழைச் சொல்லும் முன்னுரை, வந்துவிட்டது. இடைதுறை நாடு, வனவாசி, கொள்ளிப்பாக்கை, ஈழம் என்று வெற்றிப் பட்டியல் வரி வரியாக ஓடும். பராந்தகன் மதுரையைப் பிடித்தவர். ஆட்சி தொடங்கிய சில ஆண்டுகளிலேயே 'மதிரை (மதுரை) கொண்ட' என்ற அடைமொழி அவர் பட்டத்தோடு ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் குடவோலை முறை படித்திருப்பீர்களே, அந்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இரண்டும் அவருடைய 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில் (919, 921) வெட்டப்பட்டவை. இரண்டுமே 'மதிரை கொண்ட கோப்பரகேசரி' என்றுதான் தொடங்குகின்றன. உங்கள் கல்லில் ஆண்டு பன்னிரண்டு, ஆனால் மதிரை இல்லை. அரிஞ்சயன் மிகக் கொஞ்ச காலமே ஆண்டவர், பன்னிரண்டை எட்டவில்லை. ஆதித்த கரிகாலனும் எட்டவில்லை. அவருக்கு 'வீரபாண்டியன் தலை கொண்ட' என்ற அடை வேறு பெரும்பாலும் முன்னால் வரும்.

மிச்சம் இருப்பவர்கள் விஜயாலயனும் உத்தம சோழனும். இருவருக்கும் நடுவே நூறு ஆண்டு இடைவெளி, எழுத்தின் வடிவமே பிரித்துக் காட்டிவிடும். நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்த வரையில் நான் உத்தம சோழன் பக்கம்தான் சாய்வேன். முடிவாகச் சொல்ல, கல்வெட்டின் பிற்பகுதி வேண்டும். கொடை கொடுத்தவர் யார், அதிகாரி யார், ஊர்ச் சபையில் யார் பெயர் வருகிறது என்று பாருங்கள். உத்தம சோழனின் தாய் செம்பியன் மாதேவியார் பெயர் எங்காவது தென்பட்டால் சந்தேகமே வேண்டாம்.

படம் எடுக்கும்போது கல்லில் மைதா மாவு, சாக்பீஸ் எதையும் தேய்க்காதீர்கள். மாலையில் இருட்டியபின் டார்ச்சைச் சுவரோடு சுவராகப் பக்கவாட்டில் பிடித்து எடுத்தாலே எழுத்து எழும்பி நிற்கும். நேராக ஃபிளாஷ் அடித்தால் எண்ணெய்ப் பிசுக்குதான் பளபளக்கும்.

முதலாம், இரண்டாம் என்று எண் போட்டுவிட்டால் இந்தக் குழப்பமே இருக்காதே? அந்தக் காலத்தில் ஏன் அப்படிப் போடவில்லை?
*— தருமபுரி வாசகி*

எண் எல்லாம் பிற்காலத்தில் சரித்திர ஆசிரியர்கள் நம் வசதிக்காகப் போட்டது. ராஜேந்திரனிடம் போய் 'நீங்கள் முதலாம் ராஜேந்திரனா?' என்று கேட்டிருந்தால் விழித்திருப்பார். பின்னால் இன்னும் இருவர் அந்தப் பெயரில் வரப்போகிறார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஆனால் அவர்களும் ஆளைப் பிரித்துத்தான் சொன்னார்கள். பிடித்த ஊரைச் சொன்னார்கள், வெட்டிய தலையைச் சொன்னார்கள், அப்பா பெயரைச் சொன்னார்கள், பெற்ற பிள்ளையைச் சொன்னார்கள், இறந்த இடத்தைக்கூடச் சொன்னார்கள். அதனால் என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பெயரை விடுங்கள், பெயருக்கு முன்னாலும் பின்னாலும் என்ன இருக்கிறது என்று படியுங்கள்.

உடையார்குடிக் கல்வெட்டில் அரசரின் பெயரே இல்லையாமே? பிறகு எப்படி அது ராஜராஜ சோழன் காலத்தது என்று அடித்துச் சொல்கிறார்கள்?
*— கடலூர் வாசகர்*

நல்ல கேள்வி. சரித்திர நாவல் படித்துவிட்டு, இந்தக் கல்வெட்டு இருக்கும் காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரம் கோயிலுக்கு ஓடுகிறவர்கள் பலர், இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் சிலர்தான்.

கல்வெட்டு 'கோராஜகேசரி வர்மர்க்கு யாண்டு 2-ஆவது' என்று தொடங்குகிறது. அவ்வளவுதான் அரசர் பற்றிய தகவல். உள்ளே 'பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளான' சோமன், அவன் தம்பி ரவிதாஸனான பஞ்சவன் பிரமாதிராஜன், அவன் தம்பி பரமேஸ்வரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன் ஆகியோரின் பெயர்கள் வருகின்றன. இவர்களுடைய, இவர்கள் உறவினருடைய உடைமைகள் பற்றிய அரசாணை அது.

இப்போது ராஜகேசரிகளை வரிசையாக நிறுத்துங்கள். முதலாம் ஆதித்தன், கண்டராதித்தன் இருவரும் கொலையுண்ட ஆதித்த கரிகாலனுக்கு முன்பே போய்ச் சேர்ந்தவர்கள். சுந்தர சோழன் ராஜகேசரி, கரிகாலனின் தந்தை. ஆனால் சுந்தர சோழனின் இரண்டாம் ஆட்சியாண்டில் கரிகாலன் உயிரோடு இருக்கிறார், வீரபாண்டியனோடு மோதிய போரே அப்புறம்தான். கரிகாலனுக்குப் பின் ஆண்ட உத்தம சோழன் பரகேசரி. அடுத்து வந்த ராஜகேசரி ராஜராஜன், 985இல் பட்டம் ஏறியவர். கல் சொல்லும் இரண்டாம் ஆண்டு அவருடையதாகத்தான் இருக்க முடியும்.

பட்டத்தில் ஒரே ஒரு சொல் மாறியிருந்தால், அதாவது கல்லில் 'பரகேசரி' என்று இருந்திருந்தால், கொலைக்குப் பிறகு உத்தம சோழனே உடனடியாக நடவடிக்கை எடுத்தார் என்று ஆகியிருக்கும். கதையே மாறியிருக்கும். அவர் ஏன் எடுக்கவில்லை, எடுத்தும் பதிவு கிடைக்கவில்லையா என்பது வேறு வழக்கு. அதற்கு நாவலாசிரியர்கள் இருக்கிறார்கள்.

சொல்ல மறந்தேனே, தலை போன அந்த வீரபாண்டியன் தன் கல்வெட்டுகளில் 'சோழன் தலை கொண்ட கோ வீரபாண்டியன்' என்று போட்டுக்கொண்டவர். தலை கொண்டவரின் தலையைக் கொண்டவர் கரிகாலன். பின்னால் 13ஆம் நூற்றாண்டில் வேறு வீரபாண்டியர்கள் வருகிறார்கள். அவர்களோடு இவரைக் குழப்பிக்கொள்ளாமல் இருக்க இந்த அடை ஒன்றே போதும்.

சிதம்பரம் கோயிலில் 'ராஜராஜன் குந்தவை ஆழ்வார்' பொன் கொடை கொடுத்த கல்வெட்டு இருக்கிறது. எங்களை அழைத்துப் போன வழிகாட்டி, இவர் ராஜராஜ சோழனின் அக்கா என்றார். கூட வந்த பேராசிரியர் ஒருவர், இல்லை மகள் என்றார். எது சரி?
*— முதுகலை மாணவி, திருச்சி*

இரண்டும் தவறு. இந்தக் கேள்வி வராதா என்று நான் ரொம்ப நாளாகக் காத்திருந்தேன்.

சோழர் குடும்பத்தில் குந்தவை என்ற பெயரில் நமக்குத் தெரிந்த முக்கியமானவர்கள் நான்கு பேர். மூத்தவர் அரிஞ்சயனின் தேவி, வீமன் குந்தவையார். அடுத்தவர் எல்லோருக்கும் தெரிந்த குந்தவை, ராஜராஜனின் அக்கா. மூன்றாமவர் ராஜராஜனின் மகள். அத்தை பெயரை வைத்து வளர்த்து வேங்கி நாட்டுச் சாளுக்கிய இளவரசன் விமலாதித்தனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். நான்காமவர்தான் உங்கள் சிதம்பரத்துக்காரர்.

பெண்கள் பெயருக்கு முன்னால் வரும் ஆண் பெயர் பெரும்பாலும் தகப்பன் பெயர். நாம் இன்று இனிஷியல் போடுகிறோமே, அதைப் போலத்தான். தஞ்சைப் பெரிய கோயிலில் அக்காவைப் பற்றிய கல்வெட்டு அவரை எப்படிக் குறிக்கிறது தெரியுமா? 'உடையார் ஸ்ரீராஜராஜ தேவர் தமக்கையார் வல்லவரையர் வந்தியதேவர் மகாதேவியார் ஆழ்வார் பராந்தகன் குந்தவையார்.' தம்பி யார், கணவர் யார், அப்பா யார், மூன்றும் ஒரே மூச்சில். பராந்தகன் என்பது இங்கே சுந்தர சோழனின் இயற்பெயர், அவர் தாத்தா முதலாம் பராந்தகன் பெயரைப் பெற்றவர். ஆகவே அக்கா 'பராந்தகன் குந்தவை'. 'ராஜராஜன் குந்தவை' அவராக இருக்க முடியாது. வழிகாட்டியின் கணக்கு அங்கேயே அடிபட்டுப் போயிற்று.

பேராசிரியர் சொன்னதற்கு வருவோம். ராஜராஜனின் மகள் குந்தவையை 'ராஜராஜன் குந்தவை' என்று அழைக்க நியாயம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆண்டைப் பாருங்கள். சிதம்பரக் கல்வெட்டு முதலாம் குலோத்துங்கனின் 44ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1114. ராஜராஜ சோழன் மறைந்தது 1014இல். அப்பா இறந்து நூறு வருடம் கழித்து மகள் வந்து தில்லையில் பொன் கொடுத்தார் என்றால் அந்தம்மாவுக்கு அப்போது வயது என்ன?

கல்வெட்டே விடையும் சொல்கிறது: இவர் குலோத்துங்க சோழ தேவரின் திருத்தங்கையார். அப்படியென்றால் முன்னால் நிற்கும் 'ராஜராஜன்' யார்? குலோத்துங்கனின் தந்தை, வேங்கியை ஆண்ட ராஜராஜ நரேந்திரன். விமலாதித்தனுக்கும் மூன்றாம் குந்தவைக்கும் பிறந்தவர். தாத்தா ராஜராஜ சோழனின் பெயரை இவருக்கு வைத்தார்கள். இவர் தன் மகளுக்கு, தன்னைப் பெற்றவளின் பெயரான குந்தவையை வைத்தார். அதனால் 'ராஜராஜன் மகள் குந்தவை' என்ற சொற்றொடர் பாட்டிக்கும் பொருந்தும், பேத்திக்கும் பொருந்தும். ஆட்சியாண்டும் 'தங்கை' என்ற ஒரு சொல்லும் இல்லையென்றால் நாம் இன்றும் சண்டை போட்டுக்கொண்டிருப்போம்.

அக்காவைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. ராஜராஜன் தஞ்சைக் கோயிலுக்கு வந்த கொடைகளைக் கல்லில் வெட்டச் சொன்ன ஆணையில் 'நாங்குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்' என்கிறார். தனக்கு அடுத்து அக்கா, அதற்குப் பிறகுதான் மனைவிமார். வீட்டில் யார் சொல் எடுபட்டது என்று இதற்கு மேல் ஆராய்ச்சி வேண்டுமா?

வானவன் மாதேவி ராஜராஜனின் அம்மாவா, மனைவியா? ஒரு புத்தகத்தில் அப்படி, ஒரு புத்தகத்தில் இப்படி.
*— கோவை வாசகி*

இரண்டும்தான். மருமகளும் அந்தப் பெயர்தான், போதுமா?

சுந்தர சோழனின் தேவி, ராஜராஜனைப் பெற்றவர் ஒரு வானவன் மாதேவி, மலையமான் குலத்துப் பெண். கணவர் இறந்ததும் கைக்குழந்தையை விட்டுவிட்டு உடன்கட்டை ஏறியவர். 'முலைமகப் பிரிந்து முழங்கெரி நடுவணும் தலைமகற் பிரியாத் தையல்' என்று திருக்கோவலூர்க் கல்வெட்டு பாட்டாகவே சொல்கிறது. ராஜராஜனின் மனைவியரில் ஒருவரும், ராஜேந்திரனைப் பெற்றவரும் வானவன் மாதேவி. அவருக்குத் திரிபுவன மாதேவி என்றும் பெயர். ராஜேந்திரனின் தேவியரிலும் திரிபுவன மாதேவி என்ற வானவன் மாதேவி உண்டு. பஞ்சவன் மாதேவி என்ற பெயரும் அப்படியே, ராஜராஜன் பக்கத்தில் ஒருவர், ராஜேந்திரன் பக்கத்தில் ஒருவர். பட்டீசுவரம் அருகே ராஜேந்திரன் பள்ளிப்படை (இறந்தவருக்கான நினைவுக் கோயில்) எழுப்பியது சிற்றன்னைக்கு, மனைவிக்கு இல்லை.

இவை பெற்றோர் வைத்த பெயர்கள் இல்லை, அரண்மனையில் கொடுத்த பட்டப் பெயர்கள். ஒருவர் போனபின் அடுத்தவருக்குப் போகும். அதனால் அரசியரின் கல்வெட்டைப் படிக்கும்போது கணவர் யார், பிள்ளை யார் என்ற இரண்டையும் தேடுங்கள். செம்பியன் மாதேவியார் இதில் நமக்கு ரொம்ப உதவி செய்கிறவர். மழவரையர் மகளார், கண்டராதித்தரின் பிராட்டியார், 'உத்தம சோழ தேவரைத் திருவயிறு வாய்த்த' உடையபிராட்டியார் என்று பிறந்த வீடு, புகுந்த வீடு, பெற்ற பிள்ளை எல்லாம் வந்துவிடும். கோனேரிராஜபுரத்தில் கணவர் சிவலிங்கத்தை வணங்கும் சிற்பத்தையும் வெட்டி வைத்திருக்கிறார். இவர் அளவுக்கு மற்றவர்களும் விவரமாக எழுதி வைத்திருக்கக் கூடாதா என்று நான் அடிக்கடி ஏங்குவதுண்டு.

'ஆனைமேல் துஞ்சின தேவர்' என்றால் ராஜாதித்தன் என்று என் மகனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவன் படிக்கும் நூலில் ராஜாதிராஜன் என்று இருக்கிறது.
*— சேலம் வாசகர்*

உங்கள் மகனும் சரி, நீங்களும் சரி. துஞ்சின என்றால் இறந்த. ராஜாதித்தன் 949இல் தக்கோலத்தில் ராஷ்டிரகூடர்களோடு போரிட்டபோது கங்க மன்னன் பூதுகன் கையால் யானை மேலேயே இறந்தவர். நூறு ஆண்டு கழித்து, 1054இல் கொப்பத்தில் மேலைச் சாளுக்கியரோடு நடந்த போரில் ராஜாதிராஜனும் யானை மேல் இறந்தார். கொடுமை என்னவென்றால் இருவருமே ராஜகேசரி. பிந்தியவரைக் குறிக்கும்போது 'கல்யாணபுரமும் கொல்லாபுரமும் கொண்டு' என்பதும் 'விஜயராஜேந்திர தேவர்' என்ற பெயரும் சேர்ந்து வரும். அதைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இறந்த இடத்தால் குறிப்பதிலும் இதே தொல்லை இன்னொன்று இருக்கிறது. 'தொண்டைமானாற்றூர்த் துஞ்சின உடையார்' முதலாம் ஆதித்தன், பள்ளிப்படை காளஹஸ்தி பக்கம். 'ஆற்றூர்த் துஞ்சின தேவர்' அவர் பேரன் அரிஞ்சயன், பள்ளிப்படை வேலூர் பக்கத்து மேல்பாடியில், ராஜராஜன் எடுப்பித்தது. தாத்தாவுக்குத் தொண்டைமான் உண்டு, பேரனுக்கு இல்லை.

கல்வெட்டு 'திருமன்னி' என்று தொடங்கி, 'ஸ்ரீராஜேந்திர சோழ தேவர்க்கு யாண்டு' என்று முடிகிறது. உள்ளே சக்கரக்கோட்டமும் வருகிறது. இது கங்கை கொண்ட சோழன்தானே?
*— விழுப்புரம் வாசகர்*

'திருமன்னி'க்கு அடுத்த சொல் என்ன தம்பி? அதை எழுதாமல் விட்டுவிட்டீர்கள்.

'திருமன்னி வளர இருநில மடந்தையும்' என்றால் முதலாம் ராஜேந்திரன். 'திருமன்னி விளங்கும் இருகுவடனைய' என்றால் முதலாம் குலோத்துங்கன். குலோத்துங்கனின் இயற்பெயரும் ராஜேந்திரன்தான், தாய்வழித் தாத்தாவான கங்கை கொண்டவரின் பெயர். 1070இல் சோழ அரியணை ஏறிய பிறகும் முதல் சில ஆண்டுகள் ராஜேந்திர சோழன் என்ற பெயரில்தான் கல்வெட்டு வெட்டினார். அப்புறம்தான் குலோத்துங்கன் ஆனார், மெய்க்கீர்த்தியும் 'புகழ்மாது விளங்க', 'புகழ்சூழ்ந்த புணரி' என்று மாறியது.

சக்கரக்கோட்டத்தை நம்பி இறங்காதீர்கள், தாத்தாவும் பேரனும் இருவருமே அங்கே போய் வென்றவர்கள். அதற்கு முன்னால் வயிராகரமும் யானைக் கூட்டமும் வந்தால் பேரன். இன்னும் எளிய வழி: பெயருக்கு முன் உள்ள பட்டம். தாத்தா பரகேசரி, பேரன் ராஜகேசரி. கல் அந்த இடத்தில் சிதைந்திருந்தால் மட்டும் மற்றவற்றைத் தேடுங்கள். இரண்டாம் ராஜேந்திரனும் பரகேசரி என்பதால் அவரைக் கழிக்கக் கொப்பம், சாளுக்கிய மன்னன் ஆகவமல்லன், கொல்லாபுரத்து ஜயத்தம்பம் (வெற்றித் தூண்) ஆகியவை இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

பிற்காலத்தவர்களுக்கும் இந்தப் பட்டம் கைகொடுக்கும். ராஜராஜன் பெயரில் முதலாமவரும் மூன்றாமவரும் ராஜகேசரி, நடுவில் உள்ளவர் பரகேசரி. குலோத்துங்கனில் முதல் இருவர் ராஜகேசரி, மூன்றாமவர் பரகேசரி, 'மதுரையும் பாண்டியன் முடித்தலையும் கொண்டருளிய' என்பதும் அவருடையது.

எங்கள் பக்கத்துக் கோயிலில் 'கோச்சடைபன்மரான திரிபுவனச் சக்கரவர்த்திகள் ஸ்ரீசுந்தர பாண்டிய தேவர்க்கு யாண்டு 10-ஆவது மகர நாயற்றுப் பூர்வபக்ஷத்துப் பஞ்சமியும் திங்கட்கிழமையும் பெற்ற உத்திரட்டாதி நாள்' என்று இருக்கிறது. இது ஸ்ரீரங்கத்துக்குப் பொன் வேய்ந்த சுந்தர பாண்டியனா?
*— சிவகங்கை வாசகர்*

சோழர்களைப் பற்றிக் கேட்டால் நான் உற்சாகமாக இருப்பேன். பாண்டியர் என்றால் முதலில் ஒரு காபி குடித்துவிட்டு வருவேன்.

அவர்களுக்கும் இரண்டு பட்டங்கள் உண்டு, மாறவர்மன், சடையவர்மன். உங்கள் கல்லில் உள்ள 'கோச்சடைபன்மர்' சடையவர்மன். ஆகவே 1216இல் பட்டம் ஏறி, தஞ்சையையும் உறையூரையும் கொளுத்தி, அப்புறம் சோணாட்டைத் திருப்பிக் கொடுத்து 'சோணாடு வழங்கியருளிய' என்று பெயர் வாங்கிய சுந்தர பாண்டியன் இல்லை. அவர் மாறவர்மன். 1238இல் வந்த இன்னொரு சுந்தர பாண்டியனும் மாறவர்மன். இருவரையும் கழித்தாயிற்று.

ஆனால் சடையவர்மன் சுந்தர பாண்டியனே ஒருவருக்கு மேல். 1251இல் ஆட்சி தொடங்கிய பெரியவர் ஒருவர், 'எம்மண்டலமும் கொண்டருளிய' என்ற அடை அவருடையது, ஸ்ரீரங்கத்தில் பொன் வேய்ந்தவரும் அவர்தான். 1276ஐ ஒட்டி இன்னொருவர். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சகோதரன் வீரபாண்டியனோடு சண்டையிட்டு, மாலிக் காபூர் படை 1311இல் மதுரை வரை வரும் காலத்தில் இருந்த சுந்தர பாண்டியன் வேறு. போதாததற்கு இவர்கள் ஒருவர் பின் ஒருவராக மட்டும் ஆண்டவர்கள் இல்லை. ஒரே நேரத்தில் பல பாண்டியர்கள் ஆளுக்கொரு பகுதியில் முடியோடு இருந்தார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஆட்சியாண்டுக் கணக்கு. இங்கே வந்துபோன மார்க்கோ போலோவே ஐந்து சகோதர அரசர்கள் என்று எழுதி வைத்தார். எல்லோருமே திரிபுவனச் சக்கரவர்த்திகள்! திரிபுவனத்தை எப்படிப் பங்கு பிரித்தார்களோ.

உங்கள் கல்லில் மெய்க்கீர்த்தி இல்லை, 'எம்மண்டலமும்' என்ற அடையும் இல்லை. இருந்தாலும் கைவசம் ஒரு நல்ல பிடி இருக்கிறது: மாதம், பக்கம், திதி, கிழமை, நட்சத்திரம் ஐந்தும் இருக்கின்றன. மகர மாதத்து வளர்பிறைப் பஞ்சமியில் சந்திரன் உத்திரட்டாதியில் நிற்பது இயல்பு, அதனால் அது மட்டும் பெரிய சாட்சி இல்லை. அதே நாள் திங்கட்கிழமையாகவும் இருக்க வேண்டும் என்பதுதான் சல்லடை. ஆட்சியாண்டு பத்து என்பதால் 1251காரருக்கு 1260 - 61ஐ ஒட்டிய தை மாதத்தைப் பாருங்கள், 1276காரருக்கு 1285 - 86ஐ ஒட்டிய தையைப் பாருங்கள். எந்தத் தையில் அந்தப் பஞ்சமி திங்களன்று விழுகிறதோ அவருக்குச் சாதகம். எந்தத் தையிலும் விழவில்லையென்றால் மற்ற சடையவர்மர்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், அல்லது எழுதியவர் பூர்வபக்ஷத்தையும் (வளர்பிறை) அபரபக்ஷத்தையும் (தேய்பிறை) மாற்றிவிட்டாரா என்று யோசிக்க வேண்டும். அப்படி மாற்றியவர்கள் உண்டு.

பாண்டியர் வரிசை இன்று ஓரளவு நேராகி நிற்பதே இந்த வழியில்தான். கீல்ஹார்ன் என்ற ஜெர்மானியர் கணக்குப் போடத் தொடங்கினார். எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை நூற்றாண்டுக் கணக்கில் பஞ்சாங்க அட்டவணையே தயாரித்து வைத்தார். பின்னாளில் கும்பகோணம் என். சேதுராமன் ஒவ்வொரு கல்வெட்டாக எடுத்து நாள் பொருத்தம் பார்த்தார். மண்ணைத் தோண்டாமல், உட்கார்ந்த இடத்தில் கூட்டல் கழித்தல் போட்டே அரசர்களைப் பிரித்தெடுத்தவர்கள். இப்போது கம்ப்யூட்டரில் பழைய பஞ்சாங்கம் போடும் மென்பொருள்கள் இருக்கின்றன, நீங்களே முயன்று பார்க்கலாம். நாள் சூரிய உதயத்திலிருந்து தொடங்குகிறது என்பதை மட்டும் மறக்காதீர்கள், இல்லாவிட்டால் கிழமை ஒன்று தள்ளிப் போய்விடும்.

கணக்கில் இறங்கும் முன் ஒரு வேலை. '10-ஆவது' என்ற இடத்துக்குப் பிறகு கல்லில் 'எதிர்' என்று ஏதாவது தெரிகிறதா என்று மறுபடி போய்ப் பாருங்கள். பாண்டியக் கல்வெட்டுகளில் '10-ஆவதின் எதிராமாண்டு' என்று வருவதுண்டு. அப்படி இருந்தால் அது பத்து இல்லை, பதினொன்று. '2-ஆவதின் எதிர் 5-ஆவது' என்று இருந்தால் இரண்டையும் கூட்டி ஏழு. நீங்கள் அனுப்பிய படத்தில் அந்த இடத்தில் மின்விளக்குப் பெட்டியின் ஒயர் குறுக்கே போகிறது. ஒயரை விலக்கிவிட்டு, பக்கவாட்டு வெளிச்சத்தில் அந்த வரியை மட்டும் நெருக்கமாக எடுத்து அனுப்புங்கள்.